விரிப்பின் மறுமுனை

அந்தச் சலவை நிலையத்தில் அவருக்குப் பெரியவர் என்று பெயர். வயதால் வந்த பெயர் இல்லை. மகனையும் அங்கேயே வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது, ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேரை எப்படிப் பிரித்துக் கூப்பிடுவது என்று யோசித்து, அப்பாவைப் பெரியவர் என்றும் பிள்ளையைச் சின்னவர் என்றும் ஆக்கிவிட்டார்கள். அப்போது அவர் தலையில் ஒரு நரை கிடையாது. பெயர் வைத்தவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது தலையும் வெளுத்துவிட்டதால் பொருத்தமாகவும் ஆகிவிட்டது.

சலவை நிலையம் என்றதும் தெருமுனையில் நாலு சட்டையைத் தேய்த்துக் கொடுக்கும் கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவமனைகள், தங்கும் விடுதிகள் என்று ஊர் அழுக்கு முழுக்க லாரியில் வந்து இறங்கும் இடம் இது. ஆள் உள்ளே புகுந்து நிற்கலாம் போன்ற வாஷர்கள் ஒரு வரிசை. எதிரே டிரையர்கள் ஒரு வரிசை. பிளீச் வாடை, ஈர வெக்கை, எங்கே பார்த்தாலும் பறக்கும் பஞ்சுத் தூசி. பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றாலும் காதோடு வாயை வைத்துக் கத்த வேண்டும். பேச்சே தேவைப்படாத வேலை என்பதால்தான் பெரியவருக்கு அந்த இடம் பிடித்திருந்தது. பேசாத பிள்ளையை வைத்திருப்பவருக்கு, யாருமே பேச முடியாத இடத்தைவிட வசதியான இடம் எது?

மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. தாடி உண்டு. நல்ல உயரம், அம்மா வழி. பேச்சு வரவில்லை. வருத்தமோ சந்தோஷமோ, தொண்டைக்குள் ஒரு ரீங்காரம் எழும். அது எது என்று பிரித்துச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு என்பது பெரியவரின் எண்ணம். அந்த ஆள் அவரேதான். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, அதை மறைப்பானேன்.

மகனைத் தொட முடியாது. தோளில் கை வைத்தால் சுட்டுவிட்டது போல விலகிவிடுவான். குழந்தையாக இருந்தபோதே அப்படித்தான். தூக்கினால் விறைத்துப்போவான், இறக்கிவிட்டால் அமைதியாவான். மற்ற வீடுகளில் பிள்ளைகள் அப்பாவின் முதுகில் ஏறிக் குதிப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, தன் பிள்ளை உறங்கும் வரை காத்திருந்து, உறங்கிய பிறகு அவன் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்ட மனிதர் அவர்.

ஆனால் இங்கே, மடிப்பு மேசைப் பக்கம், கதையே வேறு. பெரிய கட்டில் விரிப்புகளை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, விரித்து, ஓர் உதறு உதறி, நீளவாக்கில் மடித்துவிட்டு, ஒருவரை ஒருவர் நெருங்கி முனையோடு முனை சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது இவர் கையில் இருப்பதை அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில், ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு முறை, மகனுடைய விரல்கள் அப்பாவின் விரல்கள் மேல் படும். விலக மாட்டான். வேலையின் பகுதி அது என்பதால் பொறுத்துக்கொண்டானோ, பிடித்துத்தான் இருந்ததோ, பெரியவர் கேட்டதில்லை. கேட்டாலும் பதில் வராது. டிரையரிலிருந்து எடுத்த சூடு விரிப்பில் இருக்கும். விரலிலும் இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு வருகிறதோ அத்தனை தடவை. மற்றவர்கள் விரிப்பு குவிந்தால் முணுமுணுப்பார்கள். பெரியவர் மட்டும், "வரட்டும், வரட்டும்" என்பார். அவருக்கு வேலையில் என்ன அப்படி ஒரு ஆசை என்று எல்லோருக்கும் ஆச்சரியம்.

அந்தப் பிள்ளைக்கு என்னவென்று தெரிவதற்கே வருடக்கணக்காயிற்று. லேட்டாகப் பேசுவான் என்றார் ஒரு டாக்டர். காதில் குறை என்றார் இன்னொருவர். காது நன்றாக இருந்தது. அடுத்த தெருவில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் இங்கே தலையைத் திருப்புவான். உறவுக்காரர்கள் டாக்டர்களைவிடக் கெட்டிக்காரர்கள், அவர்கள் வந்த அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்: தாய்க்காரி சரியில்லை. கொஞ்சத் தெரியாதவள். பிள்ளையிடம் நாலு வார்த்தை பேசியிருந்தால் அவனும் பேசியிருக்க மாட்டானா?

அவர் மனைவி பேசாதவளா? காலையில் கண் விழித்ததிலிருந்து அந்தப் பிள்ளையிடம் அவள் பேசிய பேச்சுக்கு ஒரு ஊரே பேசக் கற்றுக்கொண்டிருக்கலாம். "இதோ பாரு கண்ணா, தட்டு. தட்டு சொல்லு. அம்மா கையில என்ன? தட்டு." தொண்டை கட்டிப்போகும் வரை சொல்வாள். பிள்ளை தட்டை வாங்கித் தரையில் சுற்றிவிட்டு, அது சுழல்வதையே பார்த்துக்கொண்டிருப்பான். அவள் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். குழாய்ச் சத்தத்தில் அழுகை வெளியே கேட்காது என்று நினைப்பு. தண்ணீர் அவ்வளவு நேரம் ஓடினால் யாருக்குத்தான் புரியாது?

பிறகு தொலைவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அம்மா அந்தச் சொல்லைச் சொன்னார். ஆட்டிசம். இது யார் தப்பும் இல்லை, பிறவியிலேயே இப்படித்தான் என்றார். மனைவி இரண்டு தடவை அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். வியாதியின் பெயரை அல்ல, யார் தப்பும் இல்லை என்பதை.

ஆனால் அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் அது இல்லை. யாருக்கும் புரியாத பாஷையில் ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. உறவுக்காரர்களிடம் சொன்னால், "அதெல்லாம் டாக்டருங்க சொல்லுவாங்க" என்றுவிட்டு, பழைய தீர்ப்பையே திரும்பப் படித்தார்கள். கடைசிவரை அவளை அந்தப் பழியிலிருந்து யாரும் இறக்கிவிடவில்லை. பிள்ளைக்கு இருபது வயதாகும்போது நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தாள். துக்கம் விசாரிக்க வந்த இடத்திலும் ஒரு பெரியம்மா, "பாவம், அந்தப் புள்ளைய ஒழுங்கா வளர்க்கத் தெரியாமலே போயிட்டா" என்றாள். பெரியவர் அன்று அவளை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மரியாதைக்காக அல்ல, மறுபடி வராமல் இருப்பதற்காக.

அப்புறம்தான் வேடிக்கை. அவள் போன சில வருடங்களில், உலகத்துக்கே திடீரென்று விஷயம் தெரிந்துவிட்டது. டிவியில் சொன்னார்கள். போனில் வந்தது. அதற்கென்று ஒரு நாள் வைத்து, பெரிய பெரிய கட்டடங்களில் நீல விளக்குப் போட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் தங்கை நாள் தவறாமல் வீடியோ அனுப்புவாள். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடுவாள்.

"அண்ணா, பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பார்க்கலை நீ. பார்த்திருந்தா இப்படி 'பார்த்தேன்'னு சொல்லமாட்ட. இங்கல்லாம் சூப்பர் மார்க்கெட்ல இவங்களுக்காகவே லைட்டைக் குறைச்சு, பாட்டை நிறுத்திடறாங்கண்ணா. ஒரு மணி நேரம். எல்லாருக்கும் தெரியுது இப்ப."

"நல்லது."

"அண்ணியை நினைச்சுக்கிட்டேன்."

அதோடு அவர் போனை வைத்துவிடுவார். எல்லாருக்கும் தெரிந்து என்ன, தெரிய வேண்டிய காலத்தில் தெரியாமல், கேட்க வேண்டிய ஒரு காதில் விழாமல் போன பிறகு? ஊர் கூடி நீல விளக்குப் போட்டால், குழாயைத் திறந்துவிட்டு அழுத பெண்ணுக்கு அது எந்தக் கணக்கில் சேரும்? கோபம் வரும். யார் மேல் என்று தெரியாத கோபம். நல்லது நடக்கிறது என்று தெரிந்தும் வருகிற கோபம் இருக்கிறதே, அதை யாரிடமும் சொல்ல முடியாது.

பேருந்தில் முன்பெல்லாம் மகன் ஆடிக்கொண்டே ரீங்காரம் இடும்போது ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பெரியவர் தயாராக ஒரு பேச்சு வைத்திருப்பார். "தப்பா எடுத்துக்காதீங்க. பையனுக்கு ஆட்டிசம்னு ஒண்ணு. ஒட்டுற நோய் இல்லை. யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டான்." வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆகிவிட்ட பேச்சு. இப்போது யாரும் அதைப் பாதிக்கு மேல் போக விடுவதில்லை.

"தெரியும் சார், தெரியும். எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட குழந்தைக்கு இருக்கு. இவருக்கு என்ன ஸ்பெஷல் டேலன்ட்?"

"என்னது?"

"இவங்களுக்கெல்லாம் ஏதாவது ஒண்ணு இருக்குமே சார். கணக்கு, பியானோ, இப்படி..."

"துண்டு மடிப்பான்," என்றார் பெரியவர். கேட்டவர் முகம் சுருங்கிவிட்டது, ஏதோ காசை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்ட மாதிரி.

இன்னொன்றும் அவருக்கு உறுத்தும். அந்த வீடியோக்களில், சுவரொட்டிகளில் வருகிறவர்கள் எல்லோரும் நாலைந்து வயதுக் குழந்தைகள். கன்னம் உப்பிய, கண் பெரிய குழந்தைகள். தாடி வைத்த ஒருவனை ஒரு படத்திலும் காணோம். உலகத்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, குழந்தைகள் வளரும் என்பதைத் தவிர. முன்பு யாருக்கும் ஒன்றும் தெரியாதபோது அவர் தனியாக இருந்தார். அதையாவது புரிந்துகொள்ளலாம். எல்லோருக்கும் தெரிந்த பிறகும் தனியாகவே இருப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

இப்படி இருக்கும்போதுதான் சலவை நிலையத்துக்குப் புது மேனேஜர் வந்தாள். இளம் பெண். ஓடி ஓடி வேலை பார்ப்பவள், நல்ல மனசு. நல்ல மனசுக்காரர்களிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று பெரியவருக்கு அவளால்தான் தெரியவந்தது. வந்த வாரமே சின்னவரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்த நீல நாளுக்கு எல்லோரையும் நீலச் சட்டையில் வரச்சொல்லி, கேக் வெட்ட ஏற்பாடு செய்தாள். சின்னவர் சாம்பல் சட்டையில் வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, டிரையருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். யாருக்காகக் கேக் வெட்டினார்களோ அவரைத் தவிர எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அதோடு விட்டாளா? பழைய சாமான் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலி பண்ணி, வெள்ளை அடித்து, கதவுக்கு ரப்பர் வைத்து, உள்ளே சத்தம் போகாதபடி செய்தாள். ஒரு மேசை, ஒரு மென்மையான விளக்கு. சுவரில் கொட்டை எழுத்தில் நாலு சுவரொட்டி. சின்னவர் அங்கே தனியாக உட்கார்ந்து கைத்துண்டுகள் மடிக்கலாமாம். முதல் நாள் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாலு சுவரொட்டியையும் கிழியாமல் கழற்றி, ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்து, அடுக்கி, மேனேஜர் கையில் கொடுத்தார். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "சரி, அது வேண்டாம். புரிஞ்சுது," என்றாள். அந்தச் சிரிப்புக்காக மட்டும் பெரியவர் அவளைக் கொஞ்சம் மன்னித்தார்.

ஆனால் அறையை மன்னிக்கவில்லை. நேராக அவளுடைய ஆபீசுக்குப் போனார்.

"மேடம், என் பையனுக்குச் சத்தம்தான் பிடிக்கும். டிரையர் மேல முதுகைச் சாய்ச்சு நிப்பான், நீங்களே பார்த்திருப்பீங்க. அவனை அந்த ரூம்ல போட்டா பயந்துடுவான்."

"இருக்கலாம் சார். எனக்குத் தெரியலை. அவர்கிட்டயே கேட்டா என்ன?"

"யார்கிட்ட?"

"சின்னவர்கிட்ட."

பெரியவர் அவளைப் பார்த்தார். கிண்டல் இல்லை என்று தெரிந்தது. "அவனுக்குச் சொல்லத் தெரியாதும்மா. அவனுக்கு என்ன வேணும்னு எனக்குத்தான் தெரியும். நான்தான் சொல்லணும்."

"ஒரு டேப்லெட் இருக்கு சார். படத்தைத் தொட்டா அது பேசும். பேச்சு வராதவங்க நிறைய பேர் உலகம் பூரா இப்ப அதைத்தான் வெச்சிருக்காங்க. பழகிப் பார்க்கட்டுமே. அவர் வேண்டாம்னா விட்டுடலாம். நீங்க சரின்னா மட்டும்."

நீங்க சரின்னா மட்டும் என்றபிறகு எப்படி இல்லை என்பது? பெரியவர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். நடக்காது என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். பெற்றவள் தொண்டை கட்டச் சொல்லி வராத வார்த்தை, கண்ணாடிப் பலகையைத் தொட்டா வரப்போகிறது?

பழக்குவதற்கு ஒரு பெண் வாரம் தவறாமல் வந்தாள். மகன் முதலில் அந்தப் பலகையைச் சுற்றிவிட முடியுமா என்று பார்த்தான். முடியவில்லை. பிறகு ஒரு நாள் தண்ணீர்ப் படத்தைத் தொட்டான். பலகை ஒரு பெண் குரலில், "தண்ணீர் வேண்டும்" என்றது. தண்ணீர் வந்தது. மகன் தண்ணீரைக் குடிக்காமல், பலகையையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தான். மறுபடி தொட்டான். மறுபடி வந்தது. அன்றைக்கு அவன் முன்னால் மேசை நிறைய டம்ளர்கள். யாருக்கும் அதை நிறுத்த மனம் வரவில்லை. இஸ்திரி உருளையில் வேலை பார்க்கும் அம்மாள் ஓடி ஓடிக் கொண்டுவந்து வைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. இஸ்திரிக்காரம்மா என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். கணவனை இழந்தவள், வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

பெரியவர் அன்று தூரத்திலேயே நின்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் வேண்டும் என்று அவன் அவரிடம் கேட்டதே இல்லை. கேட்கும் முன்பே அவர் கொடுத்துவிடுவார்.

கடைசியில் அந்த நாளும் வந்தது. மேனேஜர் இரண்டு படங்களைப் பலகையில் வைத்தாள். ஒன்றில் பெரிய கூடம், விரிப்பு, அப்பா. இன்னொன்றில் அறை, கைத்துண்டு. "எங்க வேலை செய்யணும்?" என்று கேட்டாள். பெரியவர் பக்கத்தில் நின்றார், ஜெயித்துவிட்ட முகத்தோடு.

மகன் அறையைத் தொட்டான்.

"தெரியாம பட்டிருக்கும்," என்றார் பெரியவர். "வலது கைப் பக்கம் இருக்கு, அதான்."

படங்களை இடம் மாற்றினார்கள். மகன் கை குறுக்கே போய் அறையைத் தொட்டது.

"அவனுக்குப் படம் புரியலை. நேர்ல காட்டலாம்."

நேரில் காட்டினார்கள். விரிப்பு மேசைக்கும் அறைக் கதவுக்கும் நடுவே நிறுத்தினார்கள். பெரியவர் ஒரு விரிப்பின் முனையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். வா என்று சொல்லவில்லை, முகமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. மகன் அவரைப் பார்க்கவில்லை. அறைக்குள் போனான். கதவின் ரப்பர் மெல்ல ஒட்டிக்கொண்டது. கண்ணாடி வழியே தெரிந்தான்: உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து, முகத்தருகே வைத்து முகர்ந்துவிட்டு, மடிக்கத் தொடங்கினான். தோள் தளர்ந்திருந்தது. அந்தத் தோள் அப்படித் தளர்ந்து பெரியவர் பார்த்ததில்லை. சத்தம் பிடித்துப்போய் டிரையரில் முதுகைச் சாய்த்தானா, அந்த அதிர்வில் மற்ற சத்தமெல்லாம் மறந்துபோகட்டும் என்று சாய்த்தானா? இத்தனை வருடமும் அவனுக்காக அவர் சொன்னதில் எது அவன் சொன்னது, எது அவர் சொன்னது?

அதற்குப் பிறகு பெரியவர் பிடிவாதம் பிடித்தார். மறுமுனைக்கு வேறு ஆள் வேண்டாம் என்றார். பெரிய விரிப்பை மேசை மேல் போட்டு, ஒரு பக்கத்தை முகவாயால் அழுத்திக்கொண்டு, இந்தப் பக்கம் ஓடி, அந்தப் பக்கம் ஓடி, ஒற்றை ஆளாக மடித்தார். பாதி தரையில் புரளும். புரண்டது மறுபடி வாஷருக்குப் போகும். "பெரியவரே, நான் ஒரு கை பிடிக்கறேனே," என்று இஸ்திரிக்காரம்மா கத்துவாள். காதில் விழாத மாதிரி இருப்பார். அந்த இடத்தில் விழாத மாதிரி இருப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

வீட்டில் மகன் எப்போதும் போலத்தான் இருந்தான். சாப்பிட்டான், ஆடினான், உறங்கினான். பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு திரிந்தான். அப்பாவிடம் அதில் எதுவும் சொன்னதில்லை. பெரியவர் காத்திருந்தார். அந்தப் பலகையில் அவருடைய படமும் இருந்தது. மேனேஜர் எடுத்துப் போட்டிருந்தாள். தொட்டால் 'அப்பா' என்று சொல்லும். யாரும் இல்லாதபோது அவரே ஒரு தடவை தொட்டுக் கேட்டுக்கொண்டார். வெட்கமாகிவிட்டது.

ஒரு மத்தியானம், இடைவேளையில், இரண்டு கப் டீ எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார். முழங்கையால் கதவைத் தள்ளித் திறந்தார். கூடத்தின் இரைச்சல் அவரோடு சேர்ந்து உள்ளே நுழைந்தது. மகன் நிமிர்ந்தான். டீயை மேசையில் வைத்தார். இன்னொரு நாற்காலி இல்லை, ஆகவே துணிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். மடித்த துண்டு ஒன்றை எடுத்து, "நல்லா இருக்குடா," என்றார்.

மகன் அவர் கையிலிருந்து துண்டை வாங்கி, அடுக்கில் திரும்ப வைத்தான். பலகையை இழுத்துக்கொண்டான். விரல் படங்களின் மேல் நகர்ந்தது. பெரியவர் படம் இருந்த வரிசைக்கு வந்தது.

விரல் அவர் படத்தைத் தொட்டது. "அப்பா," என்றது பலகை. பிறகு கீழே நகர்ந்தது. "தனியாக இருக்க வேண்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்ட மாதிரியே கேட்டான். தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள், இதையும் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையோடு, அவர் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தான். பெரியவர் எழுந்தார். கூடையை நிமிர்த்தி வைத்தார். ஒரு கப் டீயை விட்டுவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கதவை அவர்தான் சாத்தினார், சத்தம் வராமல்.

வாசல் பக்கம் போய்த் தங்கையைக் கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது எப்போதாவதுதான். அவள் பதறிவிட்டாள்.

"என்னண்ணா? என்ன ஆச்சு?"

"பேசினான்."

"யாரு? அவனா? உன்கிட்டயா? ஐயோ அண்ணா!" அவள் அழவே தொடங்கிவிட்டாள். "என்ன சொன்னான்? அப்பான்னு சொன்னானா?"

"அப்பான்னு சொன்னான்."

"அப்புறம்?"

பெரியவர் டீயைப் பார்த்தார். ஆறி ஆடை படிந்திருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். பாதியோடு நிறுத்தியிருந்தால் அவள் நிம்மதியாக உறங்கியிருப்பாள். ஆனால் அவன் பிறந்ததிலிருந்து அவன் சார்பில் அவரே சொல்லிக்கொண்டிருந்தாயிற்று. முதல் தடவையாக அவனே சொன்னதில் பாதியை விழுங்குவதா?

"தனியா இருக்கணும்னு சொன்னான்."

தங்கை மெதுவாகக் கேட்டாள். "வலிக்குதாண்ணா?"

"வலிக்குது." அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவரே கேட்டதில்லை. "அவன் தெளிவா சொன்னான்மா. இருந்தும் வலிக்குது."

"அண்ணி இருந்திருக்கணும்."

"அவ சந்தோஷப்பட்டிருப்பா. எனக்குத்தான் தெரியலை, எப்படிப் படறதுன்னு."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தபோது, மேசை மேல் ஒரு மலை விரிப்பு குவிந்திருந்தது. மேலே கிடந்ததை எடுத்து உதறினார். முகவாயில் அழுத்திக்கொள்ளப் போகும்போது, மறுபக்கம் தூக்கிக்கொண்டது. இஸ்திரிக்காரம்மா இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் விடவில்லை. "உருளை சூடாக நேரம் ஆகும். சும்மாதானே நிக்கறேன். பிடிங்க!" என்று கத்தினாள். சண்டைக்குத் தெம்பில்லை. பிடித்தார்.

விரித்தார்கள். உதறினார்கள். நீளவாக்கில் மடித்தார்கள். பெரியவர் முனைகளைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல் விறுவிறுவென்று நடந்தார். பாதி வழியில் போய் அவள்மேல் மோதினார். அவர் கைமுட்டி அவள் மூக்கில் பட்டது.

"ஐயோ! என்ன பெரியவரே, முட்டித் தள்ளிட்டுப் போற மாதிரி வர்றீங்க?"

"மன்னிச்சுக்கோம்மா. தெரியாம..."

அடுத்த விரிப்பு. மறுபடி விறுவிறுவென்று போனார், மறுபடி மோதல். இந்தத் தடவை அவள் சிரித்துவிட்டாள். காதருகே வந்து சொன்னாள். "நீங்க ஏன் இவ்வளவு தூரம் வர்றீங்க? பாதி வழி வந்தா போதும். மீதி நான் வருவேன்ல?"

பெரியவர் நின்றுவிட்டார். சின்னவர் அங்கே, சுவரோரம், ஒரே இடத்தில்தான் நிற்பார். ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. விரிப்பின் முழு நீளத்தையும் ஒவ்வொரு தடவையும் நடந்தது இவர் ஒருவர்தான். இத்தனை வருடமும், இரண்டு பேரும் வந்து சேர்ந்துகொள்கிறோம் என்று நினைத்தார். அவன் வரவே இல்லை. ஆனால் கையை நீட்டிக்கொண்டு நின்றான். வேண்டாத இடத்தில், வேண்டாத சத்தத்தில், அவர் வந்து சேரும் வரை இறக்காமல் நீட்டிக்கொண்டு நின்றான். அதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

"என்ன பெரியவரே? அடுத்தது எடுங்க!"

எடுத்தார்கள். விரித்து, உதறி, மடித்தார்கள். பெரியவர் நடந்தார். பாதியில், கால் தன் பாட்டுக்குப் போகப் பார்த்ததை இழுத்துப் பிடித்து நிறுத்தினார். எதிரே அந்தம்மாள் வேகமாக அவரை நோக்கி வந்துகொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொள்ள முடியவில்லை, இரண்டு கையிலும் விரிப்பு இருந்தது.